விமானங்கள் வீடு திரும்பிய ஊர்!

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், கடற்கரை நகரமான பிரிஸ்பேனிலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது லாங்ரீச். ஆடும் மாடும் மேய்கிற காய்ந்த புல்வெளி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மேடு பள்ளமில்லாத சமவெளி, கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில். மொத்த மக்கள்தொகையே மூவாயிரம் சொச்சம்தான்.

இந்த ஊரை நெருங்கும்போது, நம் ஊர்ப்பக்கம் கோபுரம் தெரிவதுபோல, நெடுஞ்சாலையிலிருந்தே ஒரு சிவப்பு வால் தெரியும். ஆறு மாடி உயரம். அதில் ஒரு வெள்ளைக் கங்காரு. கிட்டே போனால்தான் அது நிஜமான போயிங் 747 ஜம்போ விமானம் என்று புரியும். நானூறு பேருக்கு மேல் ஏறக்கூடியது. எட்டு நடை போய்வந்தால் லாங்ரீச்சில் ஆளே மிஞ்சமாட்டார்கள்!

இத்தனை பெரிய விமானத்துக்கு இந்தச் சின்ன ஊரில் என்ன வேலை? உலகின் மிகப் பழைய விமான நிறுவனங்களில் ஒன்றான குவாண்டாஸ் தவழ்ந்து வளர்ந்தது இங்கேதான். பத்தே வருடத்தில் நிறுவனம் இந்த ஊரை விட்டுப் போய்விட்டது. அது பறக்கவிட்ட விமானங்களோ பல வருடம் கழித்து ஒவ்வொன்றாக இங்கே திரும்பி வந்தன. 'குவாண்டாஸ் நிறுவனர்கள் அருங்காட்சியகம்' என்ற பெயரில் அவற்றைக் காப்பாற்றி வைத்திருப்பது, விமான நிறுவனத்தைச் சாராத, லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு.

இன்னொரு சுவாரஸ்யம். லாங்ரீச்சின் தெருக்களுக்கெல்லாம் பறவைகளின் பெயர்கள். கடைவீதிக்குக் கழுகின் பெயர். மற்ற தெருக்களில் அன்னம் உண்டு, வாத்து உண்டு, கிளியும் உண்டு. இது விமானத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. விமானம் என்ற ஒன்றே இல்லாத 19-ம் நூற்றாண்டில் உருவான ஊர் இது.

பாதை இல்லாததால் பிறந்த கம்பெனி

1919-ம் ஆண்டு. முதல் உலகப் போரில் ஆஸ்திரேலிய விமானப் படையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார்கள் ஹட்சன் ஃபிஷ், பால் மெக்கின்னஸ் என்ற இரண்டு இளைஞர்கள். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்து வருகிற ஆஸ்திரேலியர்களுக்கு 10,000 பவுண்டு பரிசு என்று அந்நாட்டு அரசு அறிவித்திருந்தது. இருவருக்கும் போட்டியில் கலந்துகொள்ள ஆசை. பணம் தருவதாகச் சொன்ன செல்வந்தர் இறந்துபோக, ஆசை அதோடு போயிற்று.

அதற்குப் பதிலாக வேறொரு வேலை கிடைத்தது. போட்டி விமானங்கள் இறங்குவதற்கு வடக்கே எங்கெங்கே இடம் இருக்கிறது என்று தரைவழியே போய்ப் பார்த்து வர வேண்டும். லாங்ரீச்சிலிருந்து ஒரு ஃபோர்டு 'மாடல் டி' காரில் கிளம்பினார்கள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம். ரோடு கிடையாது, பாலம் கிடையாது. 51 நாள் ஆயிற்று. இந்த ஊர்களை இணைக்க வேண்டுமானால் அது ஆகாய வழியாகத்தான் முடியும் என்பது அந்தப் பயணத்தில் அவர்களுக்கு உறைத்தது. மழை பெய்தால் அந்தக் களிமண் பூமியில் சக்கரம் நகராது என்பதும், வாரக்கணக்கில் ஊர்கள் துண்டிக்கப்பட்டுக் கிடக்கும் என்பதும் உள்ளூர் மக்களுக்குத் தெரிந்த கதைதான்.

ஃபெர்கஸ் மெக்மாஸ்டர் என்ற பண்ணைக்காரர் பணம் போட்டார். தெரிந்தவர்களையும் போட வைத்தார். ஆர்தர் பேர்ட் என்ற மெக்கானிக் கைகோத்தார். 1920 நவம்பர் 16 அன்று, லாங்ரீச்சுக்கு அடுத்த ஊரான விண்டனில் நிறுவனம் பதிவானது. 'குவீன்ஸ்லாந்து அண்ட் நார்தர்ன் டெரிட்டரி ஏரியல் சர்வீசஸ்' என்பது முழுப் பெயர். அதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் குவாண்டாஸ். 'க்யூ'வுக்குப் பின்னால் 'யூ' வராத அதிசயத்துக்கும் இதுதான் காரணம். மறு வருடமே தலைமையிடம் லாங்ரீச்சுக்கு மாறியது.

கண்ணாடியும் தலைக்கவசமும் தேவைப்படாத விமானம்

அப்போது நிறுவனத்திடம் இருந்தவை இரண்டே விமானங்கள். ஒன்று அவ்ரோ 504 கே, இன்னொன்று பி.இ.2இ. மரச்சட்டத்தில் துணி போர்த்தியவை. அவ்ரோவில் விமானியைத் தவிர இரண்டு பேர் உட்காரலாம். மேலே கூரை இல்லை. மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகம். ஊர் ஊராகப் போய், காசு வாங்கிக்கொண்டு மக்களை ஒரு சுற்று ஏற்றி இறக்குவதுதான் ஆரம்பகால வியாபாரம்.

நிறுவனத்தைக் காப்பாற்றியது தபால். அரசின் தபால் ஒப்பந்தம் கிடைத்ததும், 1922 நவம்பர் 2 அன்று சார்ல்வில் நகரத்திலிருந்து முதல் வழக்கமான சேவை கிளம்பியது. லாங்ரீச்சில் இரவு தங்கி, மறுநாள் க்ளோன்கரிக்குப் போனது. அந்த இரண்டாம் நாளில் ஏறியவர்தான் குவாண்டாஸின் முதல் டிக்கெட் பயணி. பெயர் அலெக்சாண்டர் கென்னடி, வயது 84! கம்பெனியில் பணம் போடும்போதே முதல் டிக்கெட் தனக்குத்தான் என்று பேசி வைத்துக்கொண்ட மனிதர். இளவயதில் மாட்டு வண்டியோடு மாதக்கணக்கில் நடந்து இந்தப் பிரதேசத்துக்கு வந்து குடியேறியவர், முதுமையில் சில மணி நேரத்தில் அதன் மேலே பறந்துபோனார்.

1922-ல் கட்டிய தகரக் கூரை விமானக் கொட்டகை லாங்ரீச்சில் இன்றும் அப்படியே நிற்கிறது. உள்ளே அவ்ரோ 504 கே விமானத்தின் மாதிரி இருக்கிறது. இந்தக் கொட்டகையில் விமானத்தைப் பழுதுபார்த்ததோடு நிற்கவில்லை, விமானமே கட்டினார்கள். இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் நிறுவனத்திடம் உரிமம் பெற்று, 1926 முதல் டி.ஹெச்.50 ரக விமானங்கள் ஏழைத் தயாரித்தது குவாண்டாஸ். அதில் நான்கு பயணிகளுக்கு மூடிய அறை. தலைக்கவசமும் தூசிக் கண்ணாடியும் மாட்டிக்கொள்ளாமல், போட்டிருக்கும் உடையோடு ஏறி உட்காரலாம்.

அந்த டி.ஹெச்.50 செய்த பெரிய புண்ணியம் வேறு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்றளவில் டாக்டர் இல்லாத பிரதேசம் இது. பிரசவ வலி வந்தாலும், குதிரையிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தாலும் வண்டியில் கிடத்திக்கொண்டு நாள்கணக்கில் போக வேண்டும். ஜான் ஃப்ளின் என்ற பாதிரியார் பல வருடம் போராடிக் கொண்டுவந்த 'பறக்கும் டாக்டர்' சேவை, 1928 மே மாதம் க்ளோன்கரியிலிருந்து தொடங்கியது. குவாண்டாஸிடம் வாடகைக்கு எடுத்த 'விக்டரி' என்ற டி.ஹெச்.50 விமானத்தில் டாக்டர் கிளம்பினார். முதல் வருடத்தில் மட்டும் 50 பயணங்கள், 225 நோயாளிகள். அந்தச் சேவை இன்று ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு மக்களுக்கு உயிர்நாடி.

1930-ல் குவாண்டாஸின் தலைமையிடம் பிரிஸ்பேனுக்குப் போய்விட்டது. வியாபாரம் பெருகிய இடத்துக்கு நிறுவனம் நகர்ந்தது. லாங்ரீச்சில் தகரக் கொட்டகை மட்டும் மிச்சம்.

இலங்கை ஏரியில் இறங்கிய விமானம்

1930-களில் நிறுவனம் கடல் தாண்டியது. டி.ஹெச்.86 விமானங்கள் பிரிஸ்பேனிலிருந்து சிங்கப்பூர் வரை பறந்தன. 1938-ல் பெரிய 'எம்பயர்' கடல் விமானங்கள் வந்தன. தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலிருந்து கிளம்புபவை. சிட்னியிலிருந்து இங்கிலாந்து போக ஒன்பது பத்து நாள் ஆகும். இரவானால் கரையில் தங்கல்.

1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. ஆஸ்திரேலியாவையும் பிரிட்டனையும் இணைத்த வான்வழி அறுந்தது. அதை மறுபடி முடிச்சுப் போட்ட இடம் இலங்கை. காலி நகரத்துக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி இருக்கிற கொக்கல ஏரி. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள பெர்த்திலிருந்து அந்த ஏரி வரை, நடுவில் எங்கும் இறங்காமல் இந்தியப் பெருங்கடலைத் தாண்ட ஐந்து 'கேட்டலினா' கடல் விமானங்கள் ஒதுக்கப்பட்டன. 1943-ல் சேவை தொடங்கியது.

எதிரி கண்டுபிடித்துவிடக்கூடாது என்பதால் ரேடியோவில் பேசக்கூடாது. நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் திசை அறிய வேண்டும். விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயரையே வைத்திருந்தார்கள். எரிபொருள் பாரத்தில் மூன்று பயணிகளுக்கும் கொஞ்சம் தபாலுக்கும் மட்டும்தான் இடம். பயணம் 27 மணி முதல் 33 மணி நேரம் வரை. ஒரே பயணத்தில் இரண்டு தடவை சூரியன் உதிக்கும். அதனால் 'இரட்டைச் சூரியோதயம்' என்று பெயர். போய்வந்தவர்களுக்கு ஒரு ரகசியச் சங்கத்தின் உறுப்பினர் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். 1945 வரை 271 முறை கேட்டலினாக்கள் அந்தக் கடலைத் தாண்டின.

அந்த ஐந்தில் ஒன்றைக்கூட இன்று பார்க்க முடியாது. அமெரிக்காவிடமிருந்து போர்க்கால ஒப்பந்தத்தில் வந்தவை அவை. போர் முடிந்ததும், ஒப்பந்த நிபந்தனைப்படி ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கொண்டுபோய்க் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். லாங்ரீச்சில் இருப்பது அதே ரகத்தைச் சேர்ந்த வேறொரு கேட்டலினா. கொக்கல ஏரியில் இப்போது சுற்றுலாப் படகுகள் போகின்றன.

நான்கு நாளில் லண்டன்

1947 டிசம்பர் 1 அன்று சிட்னியிலிருந்து 29 பயணிகளோடு ஒரு லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம் லண்டனுக்குக் கிளம்பியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, ட்ரிபோலி என்று இறங்கி இறங்கி நான்கு நாளில் போய்ச் சேர்ந்தது. தாவித் தாவிப் போனதால் 'கங்காரு பாதை' என்று பெயர் வந்தது.

லாங்ரீச்சில் நிற்கும் சூப்பர் கான்ஸ்டலேஷனின் கதை தனி. அது குவாண்டாஸ் விமானமே அல்ல. மணிலா விமான நிலையத்தில் பல வருடம் கேட்பாரற்றுக் கிடந்ததை வாங்கி, கழற்றி, கப்பலேற்றிக் கொண்டுவந்து, குவாண்டாஸ் வண்ணம் பூசி நிறுத்தியிருக்கிறார்கள்.

அதன் பக்கத்தில் நிற்கும் போயிங் 707 அசல் குவாண்டாஸ் வாரிசு. 1959-ல் வாங்கிய முதல் ஜெட் விமானம் இதுதான். அமெரிக்காவுக்கு வெளியே 707-ஐ முதலில் வாங்கிய நிறுவனம் குவாண்டாஸ். பசிபிக் கடலின் நீண்ட தூரத்துக்கு ஏற்றபடி, வழக்கமான 707-ஐவிட மூன்று மீட்டர் குட்டையாகச் செய்து தரச் சொல்லி வாங்கினார்கள். நான்கு நாள் லண்டன் பயணம் ஒன்றரை நாளுக்குள் சுருங்கியது.

பத்து வருடம் உழைத்த பிறகு அதை விற்றுவிட்டார்கள். கனடாவுக்குப் போனது, பிறகு சவூதி அரேபியாவில் ஒரு செல்வந்தரின் சொந்த விமானமாக இருந்தது. கடைசியில் இங்கிலாந்தின் சவுத்எண்ட் விமான நிலையத்தில் வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்துக் கிடந்தது. ஓய்வுபெற்ற குவாண்டாஸ் இன்ஜினீயர்கள் சிலர், வேலை பார்த்த காலத்தில் தங்கள் கைபட்ட விமானம் பழைய இரும்பாகப் போவதைப் பொறுக்காமல் அங்கே கிளம்பிப் போனார்கள். மாதக்கணக்கில் தங்கி, பழுதுபார்த்து, பறக்க வைத்தார்கள். 2006 டிசம்பரில் சிட்னி வந்து சேர்ந்தது. 2007-ல் லாங்ரீச்சில் இறங்கியது. அந்தச் செல்வந்தர் காலத்துச் சொகுசு அறைகளை உள்ளே இப்போதும் பார்க்கலாம்.

ஜம்போக்களின் காலம்

1971-ல் குவாண்டாஸில் 747 வந்தது. இதற்குப் பிறகுதான் விமானப் பயணம் நடுத்தரக் குடும்பங்களுக்குக் கைக்கெட்டியது. ஒரே தடவையில் நானூறு பேர் போனால் ஆளுக்கு ஆகும் செலவு குறையும் என்பது எளிய கணக்கு. 1979 முதல் சில வருடங்கள், 747 தவிர வேறு விமானமே இல்லாத ஒரே நிறுவனமாக குவாண்டாஸ் இருந்தது.

1974 கிறிஸ்துமஸ் அன்று டார்வின் நகரத்தை 'ட்ரேசி' புயல் தரைமட்டமாக்கியது. வீடிழந்த மக்களை வெளியேற்ற வந்த ஒரு குவாண்டாஸ் 747, ஒரே பயணத்தில் 673 பேரை ஏற்றிக்கொண்டு பறந்தது. அன்றைக்கு அது உலக சாதனை.

1989 ஆகஸ்டில் புதிய 747-400 ரக விமானம் ஒன்று லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் இறங்காமல் 20 மணி 9 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. பயணிகளை ஏற்றாத சாதனைப் பயணம் அது. அந்த விமானம் 2015-ல் ஓய்வுபெற்று, சிட்னிக்குத் தெற்கே ஷெல்ஹார்பர் விமானநிலைய அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

லாங்ரீச்சின் 747-க்கு 'சிட்டி ஆஃப் பன்பரி' என்று பெயர். 2002 நவம்பரில், அத்தனை பெரிய விமானத்துக்காகப் போடாத இந்த ஊர் ஓடுபாதையில் இறங்கியது. அன்றிலிருந்து இங்கேயேதான். இடுப்பில் பாதுகாப்புப் பட்டை கட்டிக்கொண்டு அதன் இறக்கை மேல் நடந்து பார்க்கலாம்.

மற்ற ஜம்போக்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கொரோனா காலத்தில், 2020 ஜூலை 22 அன்று, குவாண்டாஸின் கடைசி 747 சிட்னியிலிருந்து கிளம்பியது. ஷெல்ஹார்பரில் நிற்கும் தன் இனத்தானுக்கு மேலே தாழப் பறந்து இறக்கையைச் சாய்த்து வணக்கம் சொன்னது. பிறகு கடலுக்கு மேலே, தான் பறந்த தடத்தாலேயே ஒரு கங்காருவின் உருவத்தை வரைந்துவிட்டு, அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்துக்குப் போனது. ஓய்வுபெற்ற விமானங்களை நிறுத்தி வைக்கும், பாகம் பாகமாகப் பிரிக்கும் இடம் அது.

இன்று பறப்பவை

இப்போது குவாண்டாஸில் பெரியண்ணன் ஏர்பஸ் ஏ380. 2008-ல் வந்த முதல் ஏ380-க்கு நான்சி பேர்ட் வால்டன் என்று பெயர். 1930-களில், பெண்கள் விமானம் ஓட்டுவதே அபூர்வமாக இருந்த காலத்தில், நியூ சவுத் வேல்ஸின் உள்நாட்டுப் பகுதிகளுக்குச் செவிலியரை ஏற்றிக்கொண்டு பறந்த பெண் விமானி அவர். 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் அந்த விமானத்தின் ஓர் இன்ஜின் வெடித்துச் சிதறியது. இறக்கையில் ஓட்டை, கருவிகளில் வரிசையாக எச்சரிக்கைகள். கேப்டன் ரிச்சர்ட் டி க்ரெஸ்பினியும் சக விமானிகளும் பொறுமையாக ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, திரும்ப சிங்கப்பூரிலேயே இறக்கினார்கள். உள்ளே இருந்த 469 பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பழுதுபார்க்கப்பட்ட விமானம் மறுபடி பறக்க வந்தது.

பன்னிரண்டு ஏ380-களில் இரண்டை கொரோனாவுக்குப் பிறகு நிறுவனம் கைவிட்டது. நீண்ட தூரத்துக்கு இரட்டை இன்ஜின் போயிங் 787 வந்துவிட்டது. 2018 மார்ச்சிலிருந்து பெர்த்தில் ஏறினால் சுமார் 17 மணி நேரத்தில், எங்கும் இறங்காமல் லண்டன். 2022-லிருந்து பெங்களூரு - சிட்னி நேரடி விமானமும் உண்டு. அதில் பறப்பது ஏர்பஸ் ஏ330. உள்நாட்டில் பல வருடமாக உழைக்கும் போயிங் 737-களின் இடத்தைப் பிடிக்க 2025-லிருந்து ஏ321எக்ஸ்எல்ஆர் விமானங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன.

அடுத்ததாக, சிட்னியிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இறங்காமல் பயணிகளோடு பறப்பதற்காகப் பன்னிரண்டு ஏ350-1000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது நிறுவனம். இருபது மணி நேரப் பயணம் என்பதால் இருக்கைகளைக் குறைத்து 238 பேருக்கு மட்டும் இடம். இந்தத் திட்டத்துக்கு வைத்திருக்கும் பெயர் 'ப்ராஜெக்ட் சன்ரைஸ்'. கொக்கல ஏரிக்குப் பறந்த அந்தக் கேட்டலினாக்களின் நினைவாகத்தான் இந்தச் சூரியோதயம்.

போக விரும்புகிறவர்களுக்கு...

லாங்ரீச்சுக்குப் போக மே முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலம் சிறந்தது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக பிரிஸ்பேன் போகலாம். அங்கிருந்து 'ஸ்பிரிட் ஆஃப் தி அவுட்பேக்' ரயிலில் ஒரு நாளுக்கு மேல் பயணம். ஆற அமரப் போகிறவர்களுக்கு அது நல்ல அனுபவம். நேரம் குறைவு என்றால் விமானம். அருங்காட்சியகத்துக்கு ஒரு முழுப் பகல் ஒதுக்கிக்கொள்வது நல்லது. விமானங்களுக்கு மேலே இப்போது பெரிய கூரை போட்டிருப்பதால் வெயிலுக்குப் பயப்பட வேண்டாம். இரவில் விமானங்களின் உடல்மீதே காட்சிகள் விழும் ஒலி-ஒளி நிகழ்ச்சியும் உண்டு. எதிர்ப்புறம் இருக்கும் மாடு மேய்ப்பவர்களின் அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள்.

பிரிஸ்பேனிலிருந்து லாங்ரீச்சுக்கு வருவது 'டேஷ் 8' என்ற சின்ன விமானம். ஜெட் அல்ல, புரொப்பெல்லர். பிரிஸ்பேனில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற முதியவரும், கல்லூரியிலிருந்து லீவுக்கு வருகிற பிள்ளைகளும் நம்பியிருப்பது இதைத்தான். வாலில் அதே கங்காரு. அது தரையிறங்கும் ஓடுபாதைக்குப் பக்கத்தில்தான் இனி பறக்காத ஜம்போவும், 1922-ல் கட்டிய அந்தத் தகரக் கொட்டகையும் நிற்கின்றன.